பரணில் தொங்கிய வாசல்

நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் நல்ல நாள் பார்த்து நிலை வைப்பார்கள். மஞ்சள், குங்குமம், மாவிலை, நிலைக்கு அடியில் நவதானியம், வந்தவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல். சுவர் எழும்புகிறதோ இல்லையோ, வாசல் எழும்பிவிடும். பூச்சு வேலை பாதியில் நின்று, ஜன்னலுக்குச் சாக்கு கட்டிக்கொண்டு குடி போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசல் இல்லாமல் குடி போனவர்களைப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் அப்படி ஒரு வீடு இருக்கிறது சார். அதைப் பூட்ட வேண்டுமென்றால், முதலில் வாசல் கதவைக் கழற்றிக் கூரையின் உட்பக்கம் மாட்டிவிட்டு, அதற்கப்புறம் பூட்ட வேண்டும். மறுபடி கதவு வேண்டுமா? கூரையைத் தூக்க வேண்டும். கூரை எழும்பாவிட்டால்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாப்-அப் கேம்பர் என்று பெயர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற இரண்டு சக்கர வண்டி. மூடியிருக்கும்போது நாலரை, ஐந்தடி உயரத்துக்குப் பெரிய டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மூலைக் கொக்கிகளை விடுவித்து, முன்னால் இருக்கிற கைப்பிடியைச் சுற்ற வேண்டும். வண்டிக்கு அடியில் ஓடும் கம்பிக் கயிறு நாலு மூலைத் தூண்களையும் இழுக்க, கூரை ஆடி அசைந்து மேலே போகும். அப்புறம் இரண்டு முனையிலும் மேஜை டிராயரை இழுக்கிற மாதிரி ஆளுக்கொரு கட்டிலை வெளியே இழுத்தால், கேன்வாஸ் சுவரோடு ஒரு வீடு! உள்ளே அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ், சாப்பாட்டு மேஜை எல்லாம் உண்டு. மாயாபஜாரில் கடோத்கஜன் செய்கிற வேலையை ஒரு கைப்பிடி செய்துவிடுகிறது.

இதை ஏன் இப்படி மடிக்க வேண்டும்? காற்று. ஆளுயரப் பெட்டியை எழுபது மைல் வேகத்தில் இழுத்தால் காற்று அதைப் பிடித்துப் பின்னால் இழுக்கும், பெட்ரோலைக் குடிக்கும். மடித்துவிட்டால் கார் உயரத்துக்குள் அடங்கிவிடும், சின்ன வண்டியே இழுக்கும், கராஜில் நிறுத்தலாம். நல்ல யோசனைதான். கூரை தூக்குகிற இந்த விஷயத்தில் பேர் வாங்கியவர் லாய்ட் பான்ட்ரேகர். இண்டியானா மாநிலத்தில் மிடில்பரி என்ற ஊரில் தம் பண்ணையில் இருந்த கோழிக் கொட்டகைகளில் 1968-ல் வேலையை ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு ஜேகோ என்கிற பெரிய கம்பெனி ஆயிற்று. (நான் சொல்லப் போகிற வண்டி அவர்களுடையது இல்லை. கோழிகளுக்கும் இதில் சம்பந்தமில்லை.)

எல்லாவற்றையும் மடிக்கலாம். கதவை எப்படி மடிப்பது? திறந்த வீட்டுக்கு ஆறடிக் கதவு வேண்டும். மூடிய பெட்டியின் பக்கச் சுவரோ இரண்டரை அடி. ஆறடியை இரண்டரை அடியில் அடைக்கிற கணக்கு எந்த ஆசாரிக்கும் வராது. ஆகவே சில வண்டிகளில் முழுக்கதவையும் தூக்கிக் கூரையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். சிலவற்றில் கதவு இரண்டு துண்டு. மேல் துண்டு கூரையில் தொங்கும். கீழ் துண்டு சுவரோடு நிற்கும். எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது ரகம்.

என் பையன் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் பக்கம் இருக்கிறான். நானும் என் மனைவியும் கோடையில் அங்கே போயிருந்தபோது, "ஒரு வாரம் கேம்பிங் போலாம்பா. ஏரிக்கரை, மணல்மேடு, நட்சத்திரம்... அம்மாவுக்குப் பிடிக்கும்" என்றான். அம்மாவுக்குப் பிடித்தது மெத்தை. கூடாரத்தில் தரையில் படுக்க முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்த கேம்பரை வாடகைக்குப் பிடித்தான். உள்ளே நிஜக் கட்டில், நிஜ மெத்தை, முக்கியமாக நிஜ ஃப்ரிட்ஜ்.

ஃப்ரிட்ஜ் முக்கியம் என்பதற்குக் காரணம் என் மனைவியின் இன்சுலின். பதினொரு வருஷமாகக் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்கிறாள். உபயோகத்தில் இருக்கிற பேனாவை 28 நாள் வரை வெளியிலேயே, அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று திருச்சி டாக்டர் சொல்லித்தான் இருக்கிறார். "எந்த அறையின் வெப்பம்? அவர் அறையில ஏ.சி. ஓடுது. நம்ம அறை மே மாசத்துல என்ன வெப்பம்னு அவருக்குத் தெரியுமா?" என்பது அவள் கட்சி. நியாயமான கட்சி. ஆக, பேனாக்கள் அத்தனையும் அட்டைப் பெட்டியில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, கேம்பர் ஃப்ரிட்ஜுக்குள் போயின. கார் ஓடும்போது கார் பாட்டரியிலேயே அது ஓடும். பக்கத்திலேயே புளியோதரை, தயிர் சாதம், மாவடு.

வண்டியைக் கொடுத்த கடைக்காரர் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். நடுவழியில் உள்ளேயிருந்து ஏதாவது வேண்டுமென்றால் என்ன செய்வது என்று மருமகள் கேட்டாள். கெட்டிக்காரப் பெண். அவர் சிரித்துக்கொண்டே, "முழுசாகத் தூக்க வேண்டாம். ஓரடி மட்டும் தூக்குங்கள். கீழ்க்கதவு திறக்கும். குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்" என்றார்.

ஏன் ஓரடி தூக்க வேண்டும்? இங்கேதான் சூட்சுமம். டப்பா மூடி டப்பாவின் கழுத்தைக் கவிந்து பிடிப்பது போல, கூரையின் விளிம்பு நாலு விரல்கடை கீழே இறங்கிச் சுவரைக் கவ்வுகிறது. மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதே விளிம்பு கீழ்க்கதவின் தலையையும் சேர்த்துக் கவ்விவிடுகிறது. சாவி இருக்கிறது, கதவு இருக்கிறது, கதவில் கைப்பிடியும் இருக்கிறது. திறக்க மட்டும் முடியாது!

மத்தியானம் நெடுஞ்சாலையோரம் ரெஸ்ட் ஏரியாவில் சாப்பிட நிறுத்தினோம். பக்கத்தில் பஸ் அளவுக்கு ஒரு மோட்டார் ஹோம். அதிலிருந்து ஓர் அம்மாள் சாவதானமாகக் கதவைத் திறந்து, இரண்டு படி இறங்கி, கையில் சாண்ட்விச்சோடு வந்து, நாய்க்கு ஒரு துண்டு போட்டாள். நாங்கள் தயிர் சாதம் எடுக்க என்ன செய்தோம் என்று கேளுங்கள். பையன் நாலு கொக்கியை விடுவித்தான். கைப்பிடியைக் கொண்டுவந்து மாட்டிச் சுற்றினான். கூரை ஓரடி எழும்பியது. கீழ்க்கதவைத் திறந்தான். முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டு, அப்புறம் தோளை விட்டு, இடுப்பு வரைக்கும் உள்ளே போனான். வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"தாத்தா, டாடியை வீடு சாப்பிடுது!" என்றாள் பேத்தி.

கையில் தயிர் சாதப் பாத்திரத்தோடு வெளியே வந்தான். மாவடு எங்கே என்றாள் மனைவி. அவன் ஒன்றும் பேசாமல் மறுபடி உள்ளே போனான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். எல்லோரும் சிரித்தோம். கூரை அத்தனை நேரமும் அந்த ஒற்றைக் கம்பிக் கயிற்றில்தான் நின்றது என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகளுக்குப் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே இருந்த கேம்ப்கிரவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் மத்தியான வெயில் மாதிரி அடித்தது. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய ஒன்பதரை ஆகிறது. சாப்பாட்டு வேளையை வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வயிற்றைத்தான் கேட்க வேண்டும்.

பையன் எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். சக்கரத்துக்குக் கட்டை போட்டான். ரசமட்டம் வைத்துப் பார்த்தான். எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னான். கொக்கியை விடுவித்து, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். கூரை ஒரு சாண் எழும்பியிருக்கும். வண்டிக்கு அடியில் வீணைத் தந்தி அறுந்த மாதிரி ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் கூரை 'தடால்' என்று கீழே வந்து உட்கார்ந்தது. கைப்பிடி மட்டும் பாரமில்லாமல் லொடலொடவென்று சுற்றியது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் மனைவிதான் முதலில் அசைந்தாள். பையன்கிட்டே போய் அவன் பிடரியில் கையை வைத்துப் பார்த்தாள். "மத்தியானம் இந்தக் கழுத்துதானே உள்ள இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

மாவடுவுக்காக இரண்டாம் தடவை போனானே, அந்த நேரத்தில் இது அறுந்திருந்தால்... சரி, விடுங்கள். இன்றைக்கும் அதை முழுசாக யோசிக்கப் பிடிக்கவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. மணி ஏழேகால். இரவு ஊசி போடாமல் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். காலையில் போட்ட ஊசி உடம்பில் இருக்கிறது. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் இறங்கும். மருமகள் காரிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வந்து இரண்டு மட்டும் எண்ணிக் கொடுத்தாள். போனில் விசாரித்தாள். பெரிய ஊர் என்றால் டிராவர்ஸ் சிட்டி. முக்கால் மணி நேரம். மருந்துக்கடையில் அதே இன்சுலின் வேண்டுமென்றால் அந்த நாட்டு டாக்டர் எழுதிய சீட்டு வேண்டும். திருச்சிச் சீட்டு செல்லாது. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. மருந்தோ எங்களுக்கு மூன்றடி தூரத்தில், ஒரு தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், ஜில்லென்று இருக்கிறது!

கேம்ப்கிரவுண்டில் ஒரு நல்ல குணம். ஒருத்தன் வண்டி மக்கர் செய்தால் மற்றவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வருவார்கள். நம் தெருவில் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாவிட்டால் எப்படியோ, அப்படித்தான். யோசனைக்கும் பஞ்சமில்லை. ஓர் இளைஞன் டிரில் மெஷினோடு வந்து கீழ்க்கதவின் கீலைக் கழற்றலாம் என்றான். கழற்றலாம்தான், ஆனால் கீல் திருகுகள் கதவைத் திறந்தால்தான் தெரிகிற இடத்தில் இருந்தன. இன்னொருவர், ஃப்ரிட்ஜுக்கு வெளியிலிருந்தே ஒரு தட்டி இருக்கிறதே, அதைத் திறந்தால் என்ன என்றார். திறந்தோம். ஃப்ரிட்ஜின் முதுகு தெரிந்தது. காஸ் குழாய், பர்னர், கறுப்புக் கம்பிச்சுருள். ஒருவருடைய முதுகைப் பார்த்து அவர் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா? மூடிவிட்டோம். மூன்றாவது ஆள் கத்தியைக் காட்டி, கேன்வாஸைக் கிழித்துவிடலாமே என்றார். கிழிப்பதற்கும் அந்தக் கேன்வாஸ் கூரைக்குக் கீழேதான் மடிந்து கிடந்தது.

அப்போதுதான் எதிர் மனையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயது இருக்கும். தோளில் வார் போட்ட பேண்ட், தலையில் அழுக்குத் தொப்பி. அவரும் பாப்-அப் கேம்பர்காரர்தான். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, என் பையனைப் பார்த்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். கட்டை முட்டுக் கொடுக்காத கூரைக்குக் கீழே யாருடைய விரலும் போகக் கூடாது, ஒரு நிமிஷத்துக்குக்கூட. விஞ்ச் நல்லா இருந்தாலும் சரி, கெட்டுப் போனாலும் சரி.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்ன பாடத்தில் இந்த வரி மட்டும் விட்டுப் போயிருந்தது.

கேம்பர் வைத்திருக்கிற எல்லோரிடமும் மரக்கட்டைத் துண்டுகள் இருக்கும். மேடு பள்ளத்தில் சக்கரத்துக்கு அடியில் வைத்துச் சமப்படுத்துவதற்காக. ரெண்டுக்கு நாலு என்று நம் ஆசாரிகள் சொல்கிற அதே கணக்கு. அங்கேயும் அதே பெயர்தான். பெரியவர் வீடு வீடாக அனுப்பிக் கட்டை வசூல் செய்தார். தேர்வடம் பிடிக்கிற மாதிரி ஆள் பிரித்தார். நாலு மூலைக்கு நாலு பேர். கட்டை செருக நாலு பேர். "ஒன், டூ, த்ரீ" என்றதும் எல்லோரும் சேர்ந்து தூக்க, கூரை முனகிக்கொண்டே ஓரடி எழும்பியது. மூலைக்கு ஒரு முட்டு. அதற்கப்புறமும் அவருக்குத் திருப்தி இல்லை. நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு வைத்தார். ஒவ்வொரு மூலையையும் உலுக்கிப் பார்த்தார். பிறகு கீழ்க்கதவின் கைப்பிடியைத் திருகினார். எருமை மாடு வாயைத் திறக்கிற மாதிரி மெதுவாகத் திறந்தது.

இரண்டடி அகலம். ஆனால் உள்ளே கால் வைக்கிற இடத்தில் மடக்கிய மேஜை. மேலே இரண்டு முனையிலிருந்தும் உள்ளே தள்ளிய கட்டில்கள். நடுவில் ஒன்றரை அடி இடுக்கு. மத்தியானம் இடுப்பு வரை போனவன்தான் என் பையன். ஆனால் இந்தத் தடவை கட்டைகளைத் தட்டிவிடாமல் போக வேண்டும். பெரியவர் அவன் தோள் அகலத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பேத்தி, "நான் போறேன், நான் போறேன்!" என்று குதித்தாள். அவர் அவளைத் தூக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, "குழந்தை கூடாது" என்றார். அப்புறம் எல்லோருடைய பார்வையும் ஒரே திக்கில் திரும்பியது.

எனக்கு ஐம்பத்திரண்டு கிலோ. பாங்க்கில் வேலை பார்த்த காலத்தில் ஃபேன் காற்றுக்குப் பேப்பர் வெயிட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன் என்று கிண்டல் செய்வார்கள்.

"நாப்பது வருஷமா நெய் ஊத்திப் போட்டும் ஒட்டாத உடம்பு. இன்னிக்காவது உதவட்டும்" என்றாள் என் மனைவி. குரல்தான் கிண்டலாக இருந்தது. கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அப்பா, நீங்க வேணாம்பா. ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றான் பையன்.

"ஆறு கட்டை வச்சிருக்காருடா. நம்ம வீட்டுக்கே நாலு தூண்தான்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மருமகளிடம் கொடுத்து, குப்புறப் படுத்து உள்ளே போனேன்.

உள்ளே என்ன இருட்டு! வெளியே சூரியன் இருக்கிறது, எனக்கு அமாவாசை. மூக்குக்கு மேலே கட்டில் பலகை. காதருகே கேன்வாஸ், மழைக் காலத்துப் பள்ளிக்கூடப் பை வாசனை. பையன் என் கணுக்காலைப் பிடித்திருந்தான். கூரை அசைந்தால் ஒரே இழுப்பாக வெளியே இழுத்துவிட வேண்டும் என்று பெரியவர் கட்டளை. நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் வெளியிலிருந்து "ஓகே?" என்பார். நான் உள்ளேயிருந்து "ஓகே" என்பேன். நடுவில் ஒரு தரம் நான் பதில் சொல்லத் தாமதித்ததற்குப் பாதி தூரம் வெளியே இழுத்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து ஊர்ந்தேன்.

ஃப்ரிட்ஜைத் தொட்டுவிட்டேன். அதன் கதவுக்கு எதிரே, மூடும்போது கீலில் மடங்கிக் கீழே வந்துவிட்ட சிங்க் உட்கார்ந்திருந்தது. கதவு நாலு விரல்கடை திறந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஆக, கூரைக்கு ஒரு பூட்டு, கதவுக்கு ஒரு பூட்டு, ஃப்ரிட்ஜுக்கு ஒரு பூட்டு. மூன்றுக்கும் சாவியே கிடையாது! இந்த வண்டியின் படத்தை வரைந்தவர் திறந்த வீட்டில்தான் மனிதனுக்குப் பசிக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கையை உள்ளே விட்டுத் துழாவினேன். ஜில்லென்று எவர்சில்வர், அது தயிர். வழவழவென்று பிளாஸ்டிக், புளியோதரை. மூலையில் ஓர் அட்டைப் பெட்டி. மேலே குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் பேண்ட். உலகத்தில் வேறு யாரும் மருந்துப் பெட்டிக்கு நாலு ரப்பர் பேண்ட் போட மாட்டார்கள். அதைக் குறுக்கே திருப்பி, நாலு விரல் இடுக்கு வழியாக உருவி எடுத்தேன்.

"கிடைச்சுடுச்சு!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். வெளியே எட்டு அமெரிக்கர்கள் கைதட்டியது கேட்டது.

பெட்டியைக் காலுக்குக் காலாகத் தள்ளி வெளியே அனுப்பினேன். அதோடு வந்திருக்கலாம். "ஏங்க, சாப்பாடு?" என்று குரல் வந்தது. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டுமே! புளியோதரை டப்பா அந்த இடுக்கில் வராது. மூடியை உள்ளேயே திறந்து, பேத்தியின் விளையாட்டுச் சாமான் பையைக் காலால் வாங்கி, இருட்டில் படுத்தபடியே நாலு விரல் இடுக்கில் புளியோதரையை அள்ளி அள்ளிப் பையில் போட்டேன். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவன் நான். இப்படி ஒரு பந்தியை யாரும் பரிமாறியிருக்க மாட்டார்கள்.

வெளியே வந்தபோது மணி எட்டு ஐம்பது. முழங்கை இரண்டும் சிராய்ப்பு. என் மனைவி கார் பானெட்டில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டாள். சர்க்கரை பார்க்கிற மெஷின் அவள் கைப்பையில் இருந்தது. பார்த்தாள், தாங்கக்கூடிய அளவில்தான் இருந்தது. பெரியவருக்கும் ஒரு பேப்பர் தட்டில் புளியோதரை கொடுத்தோம். ஒரு வாய் போட்டார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது ஃப்ரிட்ஜில் இருந்ததா, அடுப்பில் இருந்ததா?" என்று கேட்டார். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அன்று ராத்திரி யாரோ கொடுத்த கூடாரத்தில் பையனும் நானும். காரில் பெண்கள் மூன்று பேரும். மெத்தைக்காக வாங்கிய வண்டி, மெத்தையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றது.

மறுநாள் மத்தியானம் கடைக்காரர் அனுப்பிய மெக்கானிக் வந்தார். விஞ்ச் உருளையில் சுற்றுகிற இடத்தில் கம்பிக் கயிறு துருப்பிடித்து, இழை இழையாகப் பிரிந்திருந்தது. வெளியே தெரிகிற இடமெல்லாம் பளபளப்பு. சீசனுக்கு ஒரு தரம் கயிற்றை முழுக்க அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கயிறு போட்டதும் கூரை எழும்பியது. இரண்டு துண்டுக் கதவையும் சேர்த்து மாட்டினால், நாதாங்கி அரை அங்குலம் தள்ளி நின்று விழவே மாட்டேன் என்றது. ஆட்டம் நிற்பதற்கு மூலையில் இறக்குகிற ஜாக்கிகளை அதிகமாகத் திருகிவிட்டால் வண்டியின் சட்டமே முறுக்கிக்கொண்டு கதவு கோணிவிடுமாம். ஒரு ஜாக்கியை மூன்று சுற்றுத் தளர்த்தியதும் 'டக்' என்று விழுந்தது. நம் வீட்டு மழைக்காலக் கதவுக்கும் இப்படி ஒரு ஜாக்கி இருந்தால் தேவலை.

ஏரிக்கரை மணல்மேட்டுக்கு அதற்கப்புறம்தான் போனோம். அந்த இடத்தின் பெயருக்கு அங்குள்ள பூர்வகுடிகள் ஒரு கதை சொல்கிறார்கள். காட்டுத் தீக்குத் தப்பி ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு ஏரியை நீந்திக் கடந்ததாம். தாய் கரையேறிவிட்டது. குட்டிகள் கரைக்கு வரவேயில்லை. அவை இரண்டும் தீவுகளாகிவிட்டன. தாய் இன்னும் மணல்மேடாகப் படுத்து அந்தத் திக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தூரத்தில் இரண்டு தீவுகளும் தெரிந்தன. என் மனைவி அவற்றைப் பார்க்கவில்லை, பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்கிற இடத்தில் கேன்வாஸ் சுவர் வண்டிகளை விடுவதே இல்லை. கெட்டிச் சுவர் வண்டிக்குத்தான் அனுமதி. அங்கே உலவுகிற பெரிய கரடிகளுக்கு வாசல் எங்கே என்று தேடுகிற சிரமம் கிடையாது.

இத்தனைக்கும் பிறகு என் பையன் கேம்பரை வெறுத்திருப்பான் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! போன மாசம் சொந்தமாகவே ஒன்று வாங்கப் போகிறேன் என்று, பழைய வண்டிகள் விற்கிற இடத்துக்கு எங்களையும் அழைத்துப் போனான். விற்பனைக்காரர் திறந்து வைத்திருந்த வண்டிகளை வரிசையாகக் காட்டினார். மெத்தை பாருங்கள், விளக்கு பாருங்கள், ஜன்னல் திரை பாருங்கள் என்றார்.

"மூடிக் காட்டுங்கள்" என்றான் பையன்.

அவருக்குப் புரியவில்லை. இருபது வருஷமாகத் திறந்து காட்டித்தான் அவருக்குப் பழக்கம். முணுமுணுத்துக்கொண்டே கட்டிலைத் தள்ளி, கேன்வாஸைச் சுருட்டி, கூரையை இறக்கினார். முதல் வண்டியில் கதவு முழுசாகக் கூரைக்குப் போய்விட்டது; வேண்டாம் என்றோம். இரண்டாவதில் விளிம்பு கீழ்க்கதவைக் கவ்வியது, வேண்டாம். மூன்றாவதில் விளிம்பை அந்த இடத்தில் மட்டும் வெட்டி, கதவுக்குத் தனியாக ஒரு ரப்பர் பட்டி வைத்திருந்தார்கள். கூரை இறங்கிக் கொக்கி மாட்டியிருக்கும்போதே கீழ்க்கதவு திறந்தது.

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். வலது கையை உள்ளே விட்டாள். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் துழாவினாள்.

"கை போகுது. புளியோதரை டப்பா எவ்வளவு உயரம்னு நினைவிருக்கா உங்களுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.